480 பெரிதா, 360 பெரிதா? இரண்டு பழைய செடான்களை வைத்து ஒரு கணக்கு

இரண்டு கார்களின் விவரப் பட்டியலை அக்கம்பக்கமாக வைத்தால், கண் தானாகவே பெரிய எண்ணைத் தேடிப் போகும். எதில் குதிரைத்திறன் அதிகம், எதில் சிசி அதிகம் என்று பார்த்து, அதிகமாக இருப்பதற்கு மனதுக்குள் ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழக்கத்தைக் குழப்பிவிட்ட இரண்டு கார்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின் பற்றி எதுவும் தெரியாதவர்களும் படிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒன்று, 1988இல் வந்த இரண்டாம் தலைமுறை பிஎம்டபிள்யூ எம்5. கார்ப் பிரியர்கள் அதன் உள்பெயரால் இ34 என்பார்கள். இன்னொன்று, 1990இல் பாரிஸ் கார் கண்காட்சியில் அறிமுகமான மெர்சிடிஸ் பென்ஸ் 500இ. இரண்டும் ஜெர்மன் கார்கள், இரண்டுக்கும் நான்கு கதவு. எஞ்சின் முன்னால், உந்துவது பின்சக்கரம். வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ அலுவலகத்துக்குப் போகிற அமைதியான வண்டி போலத்தான் இருக்கும். அந்த அடக்கமான தோற்றத்துக்காகவே இவற்றை விரும்புகிறவர்கள் உண்டு.

முதலில் எண்கள். எம்5இல் எஞ்சினின் கொள்ளளவு 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில். உச்ச சக்தி 315 பிஎஸ் (ஐரோப்பாவில் வழங்கும் குதிரைத்திறன்), அது கிடைப்பது 6,900 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 6,900 முறை சுற்றும்போது. உச்ச முறுக்குவிசை, அதாவது டார்க், 360 நியூட்டன் மீட்டர், 4,750 ஆர்பிஎம்மில். ஐந்து கியர், கையால் மாற்ற வேண்டும். எடை சுமார் 1,670 கிலோ. 500இ-யில் 5 லிட்டர், வி8, அதாவது வி வடிவில் இரண்டு வரிசையாக எட்டு சிலிண்டர்கள். 326 பிஎஸ், 5,700 ஆர்பிஎம்மில். டார்க் 480 நியூட்டன் மீட்டர், 3,900 ஆர்பிஎம்மில். நான்கு கியர் ஆட்டோமேட்டிக். எடை சுமார் 1,700 கிலோ. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட நிறுவனங்கள் சொன்ன நேரம்: எம்5க்கு 6.3 நொடி, 500இ-க்கு 6.1 நொடி.

இங்கேதான் இடிக்கிறது. டார்க்கில் 500இ மூன்றில் ஒரு பங்கு முன்னால் நிற்கிறது. 360 எங்கே, 480 எங்கே! அப்படியிருந்தும் ஓட்டத்தில் வித்தியாசம் 0.2 நொடிதான். அந்த 120 நியூட்டன் மீட்டர் எங்கே போனது?

டார்க் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குவோம். பஞ்சரான சக்கரத்தின் நட்டைக் கழற்றியவர்களுக்கு இது கைக்கே தெரியும். குட்டையான ஸ்பேனரை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் நட்டு அசையாது. அதே ஸ்பேனரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கி, அதன் நுனியில் அழுத்தினால் ‘கிறீச்’ என்று இளகிவிடும். கையின் பலம் மாறவில்லை, தூரம்தான் மாறியது. பலத்தைத் தூரத்தால் பெருக்கினால் வருவது டார்க். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் சுமார் 37 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 360 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். 49 கிலோ தொங்கவிட்டால் 480.

ஆனால் கவனியுங்கள், துருப்பிடித்த நட்டு அசையாமல் இருந்த நேரத்திலும் அதன்மீது டார்க் இருந்தது. எதுவும் நகரவில்லை, அவ்வளவுதான். டார்க் என்பது முறுக்கும் பலம் மட்டுமே. அந்த முறுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று நடக்கிறது என்பதையும் சேர்த்தால்தான் வேலை நடக்கிறது. முறுக்கையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது சக்தி, ஆங்கிலேயர் சொல்லும் பவர். ஆக டார்க்கும் பவரும் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கும் இரண்டு குணங்கள் இல்லை. ஒன்றுக்குள் மற்றொன்று இருக்கிறது. ‘இந்த வண்டிக்கு பவர் உண்டு, டார்க் கிடையாது’ என்ற பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல் வரும்.

கணக்கு சுலபம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9,549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் சக்தி வந்துவிடும். (9,549 என்பது நிமிடத்தை நொடியாகவும் சுற்றைக் கோணமாகவும் மாற்றுவதால் வரும் எண். மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.) கிலோவாட்டை 0.7355ஆல் வகுத்தால் பிஎஸ்.

எம்5: 360 × 4,750 ÷ 9,549 = 179 கிலோவாட். அதாவது சுமார் 243 பிஎஸ். 500இ: 480 × 3,900 ÷ 9,549 = 196 கிலோவாட். அதாவது சுமார் 266 பிஎஸ். உச்ச டார்க்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்த இடைவெளி, சக்தியாக மாற்றிப் பார்த்தால் பத்து சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. 500இ பலமாக முறுக்குகிறது, ஆனால் மெதுவாக. எம்5 சற்றே லேசாக முறுக்குகிறது, ஆனால் வேகமாக.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். 315 பிஎஸ் என்பது சுமார் 232 கிலோவாட். அதை 9,549ஆல் பெருக்கி 6,900ஆல் வகுத்தால் 321. எம்5 எஞ்சின் உச்ச சக்தியைக் கொடுக்கும் நேரத்தில் அதன் டார்க் 360இலிருந்து 321க்கு இறங்கியிருக்கிறது. அப்படியும் சக்தி கூடியிருக்கிறது, ஏனென்றால் சுற்று கூடிய அளவுக்கு டார்க் குறையவில்லை. 500இ-க்கு இதே கணக்கைப் போட்டால் 5,700 ஆர்பிஎம்மில் 402 வரும்.

வேகமாகச் சுற்றினால் சக்தி கூடும் என்றால், எல்லா எஞ்சினையும் 7,000க்கு மேல் சுற்ற விடலாமே என்று தோன்றும். அங்கே இரண்டு தடைகள். முதலாவது, மூச்சு. சுற்று ஏற ஏற, ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றை உள்ளே இழுக்கக் கிடைக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும். எம்5இன் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு, காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியேற்ற, நான்கு வால்வு. அது போதாதென்று ஆறு சிலிண்டருக்கும் ஆளுக்கொரு தனி த்ராட்டில், அதாவது காற்று நுழையும் கதவு. ஆறு பேர் ஒரே வாசலில் முட்டிமோதாமல், அவரவர் வாசலில் நுழைவது மாதிரி. இந்த எஞ்சினின் வம்சம் 1978இல் வந்த பிஎம்டபிள்யூ எம்1 என்ற ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து வருகிறது. ஆகவே அதிகச் சுற்று அதன் பரம்பரைப் பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தடை பிஸ்டனின் வேகம். எம்5இல் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 86 மில்லிமீட்டர். 6,900 ஆர்பிஎம்மில் ஒரு நொடிக்கு 115 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கும். பெருக்கிப் பார்த்தால் சராசரியாக நொடிக்குக் கிட்டத்தட்ட 20 மீட்டர். அந்த வேகத்தில் நொடிக்கு 230 முறை நின்று, திரும்பி, மறுபடி ஓட வேண்டும். 500இ-யின் ஸ்ட்ரோக் 85 மில்லிமீட்டர், ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அதன் உச்ச சக்தி 5,700லேயே வந்துவிடுவதால், அங்கே பிஸ்டன் நொடிக்கு 16 மீட்டரில் நிம்மதியாகப் போய்வருகிறது. மெர்சிடிஸின் 500 எஸ்எல் காரிலிருந்து எடுத்து வந்த அந்த வி8, லிட்டருக்கு 66 பிஎஸ் தருகிறது. எம்5இன் எஞ்சின் லிட்டருக்கு 89. யார் அதிகம் உழைக்கிறார்கள் என்று இந்த எண்ணே சொல்லிவிடுகிறது. இது யார் சிறந்தவர் என்பதற்கான எண் இல்லை. பெரிய எஞ்சினை வைத்து அலட்டிக்கொள்ளாமல் சக்தி எடுப்பது ஒரு வழி, சின்ன எஞ்சினைப் பிழிந்து எடுப்பது இன்னொரு வழி.

சரி, இதுவரை எஞ்சினுக்குள்ளேயே இருந்தோம். எஞ்சின் நேராகச் சக்கரத்தைத் திருப்புவதில்லை. நடுவில் கியர் இருக்கிறது. விவரப் பட்டியலில் யாரும் படிக்காத மூலையில், பொடி எழுத்தில் கிடக்கும் இந்த எண்கள்தான் நம்முடைய புதிருக்கு விடை.

கியர் என்பது அந்த இரும்புக் குழாயின் வேலையைத்தான் செய்கிறது: வேகத்தை விட்டுக்கொடுத்து முறுக்கை வாங்கித் தருகிறது. எம்5இன் முதல் கியர் விகிதம் 3.51. அதற்குப் பிறகு பின் அச்சில் உள்ள ஃபைனல் டிரைவ் 3.91. இரண்டையும் பெருக்கினால் 13.7. அதாவது எஞ்சின் 13.7 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். பதிலுக்கு, டார்க் 13.7 மடங்காகும். 360ஐ இதால் பெருக்கினால் சக்கரத்தில் சுமார் 4,940 நியூட்டன் மீட்டர். (தேய்மானத்தில் போகும் கொஞ்சத்தை விட்டுவிடுகிறேன்.)

500இ-யின் முதல் கியர் 3.87, ஃபைனல் டிரைவ் 2.82. பெருக்கினால் 10.9 மடங்கு. 480ஐ இதால் பெருக்கினால் சுமார் 5,240.

தாளில் 33 சதவீதமாக இருந்த இடைவெளி, சக்கரத்துக்கு வரும்போது 6 சதவீதம். இரண்டாம் கியரிலும் அதே கதைதான்: எம்5க்கு ஏறக்குறைய 2,930, 500இ-க்கு 3,050. டயர்களின் வெளிவட்டமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால், சாலையைப் பின்னால் தள்ளும் பலமும் இதே விகிதத்தில்தான் இருக்கும். தொலைந்துபோன 120 நியூட்டன் மீட்டரை எம்5 தன் குட்டையான, அதாவது மொத்த மடங்கு அதிகமான, கியர்களால் மீட்டுவிட்டது. வேகமாகச் சுற்றத் தெரிந்த எஞ்சினுக்குத்தான் அப்படிக் குட்டையான கியர் கொடுக்க முடியும் என்பதுதான் இதில் உள்ள நுட்பம். 500இ-க்கும் அதே கியர்களை மாட்டியிருந்தால், அந்த எஞ்சின் சீக்கிரமே தன் சுற்று எல்லையை முட்டிக்கொண்டு அடுத்த கியருக்குப் போயிருக்கும்.

இன்னொரு விஷயம் எனக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எம்5 இரண்டாம் கியரில் 6,900 ஆர்பிஎம்மைத் தொடும்போது வேகம் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். 500இ இரண்டாம் கியரில் அதைத் தாண்டியே போகும். ஆக இரண்டு கார்களிலும் 100ஐத் தொட ஒரே ஒரு கியர் மாற்றம் போதும். எம்5இல் அதை ஓட்டுபவர் கிளட்ச்சை மிதித்துச் செய்ய வேண்டும், 500இ-யில் அதுவே செய்துகொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று எண்ணெய் நிரம்பி உட்கார்ந்திருக்கிறது. வண்டி நகரத் தொடங்கும் அந்தச் சில கணங்களில் அதுவும் தன் பங்குக்கு டார்க்கைப் பெருக்கித் தரும். எண்ணெயைக் கலக்குவதில் கொஞ்சம் சக்தியைத் தின்னவும் செய்யும். மேலே போட்ட கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

அப்படியானால் அந்த 480 வெறும் அலங்காரமா என்றால், இல்லை. நெடுஞ்சாலைக்குப் போவோம். எம்5இன் ஐந்தாம் கியர் 0.81, ஃபைனல் டிரைவோடு பெருக்கினால் 3.17. 500இ-யின் நான்காம் கியர் 1.00, ஆகவே 2.82. மணிக்கு 100 கிலோமீட்டரில் சீராகப் போகும்போது எம்5இன் எஞ்சின் ஏறக்குறைய 2,700 ஆர்பிஎம், 500இ-யின் எஞ்சின் 2,350 அளவில். முன்னால் ஒரு லாரி. கியரைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதிக்கிறோம். உச்ச டார்க்கை வைத்துப் பார்த்தாலே எம்5இன் சக்கரத்தில் 1,140, 500இ-யில் 1,350. இங்கே 500இ சுலபமாக முன்னேறிப் போய்விடும். 3,900 ஆர்பிஎம்மில் எம்5 எஞ்சின் என்ன முயன்றாலும் 200 பிஎஸ்ஸைத் தாண்டாது, 500இ-யோ அதே இடத்தில் 266ஐக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எம்5 ஓட்டுபவர் என்ன செய்வார்? ஒரு கியர் இறக்குவார். நான்காம் கியரில் அவருக்கு 1,400 கிடைக்கும், மூன்றாம் கியருக்கு இறக்கினால் 1,900. இப்போது எம்5 முன்னால். உடனே 500இ-யின் ஆட்டோமேட்டிக்கும், மிதியைத் தரை வரை அழுத்தினால், தானே ஒரு கியர் இறக்கிக்கொள்ளும். ஆக, எந்தக் கார் வேகம் என்ற கேள்விக்கு, எந்த ஆர்பிஎம்மில், எந்தக் கியரில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. எம்5 தன் சக்தியை மேல்மாடியில் வைத்திருக்கிறது, ஓட்டுபவர் படியேறிப் போய் எடுத்துவர வேண்டும். 500இ அதை வாசலிலேயே வைத்திருக்கிறது. இரண்டில் எது பிடிக்கும் என்பது ஓட்டுபவரின் மனம். என்னைக் கேட்டால் படியேறுவதில்தான் சந்தோஷம். ஆனால் நாள் முழுக்க ஓட்ட வேண்டியிருந்தால் அந்தப் பதிலை மாற்றிக்கொள்வேன்.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடையைச் சக்தியால் வகுத்தால் எம்5இல் ஒரு பிஎஸ் 5.3 கிலோவைச் சுமக்கிறது, 500இ-யில் 5.2 கிலோவை. ஒரே ஒரு எண்ணைப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும் என்றால் இதைப் பார்க்கலாம். 6.3க்கும் 6.1க்கும் உள்ள நெருக்கம் இதிலேயே தெரிந்துவிடுகிறது. உச்ச வேகம் என்ற வரியை இந்த இரண்டு கார்களுக்கும் படிக்கவே வேண்டாம். இரண்டிலும் 250 கிலோமீட்டரில் மின்னணுக் கட்டுப்பாடு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்.

பழைய கார்களை ஒப்பிடுபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் அலகுகள். பிஎஸ் என்பது 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் தூக்கும் சக்தி, 735.5 வாட். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வழங்கும் குதிரைத்திறன் 745.7 வாட். அதனால்தான் அதே 500இ ஓரிடத்தில் 326 என்றும் இன்னோரிடத்தில் 322 என்றும் வரும். எஞ்சின் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. எம்5இன் 315ம் அப்படியே 311 ஆகிவிடும். ஒரு காருக்கு பிஎஸ்ஸையும் இன்னொன்றுக்குக் குதிரைத்திறனையும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால், இல்லாத வித்தியாசம் முளைக்கும்.

1972க்கு முந்தைய அமெரிக்கக் கார் ஒன்று ஒப்பீட்டில் நுழைந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது அங்கே எஞ்சினைத் தனியாக மேசையில் ஏற்றி, காற்று வடிகட்டி, சைலன்ஸர், ஆல்டர்னேட்டர் எதுவும் இல்லாமல் அளந்த எண்ணையே விளம்பரத்தில் போட்டார்கள். கிராஸ் என்று அதற்குப் பெயர். பிறகு எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் நெட் முறைக்கு மாறினார்கள். 1971ஆம் ஆண்டின் கேடிலாக் எல்டொராடோவில் இருந்த 8.2 லிட்டர் எஞ்சினுக்கு கிராஸ் கணக்கில் 365 குதிரைத்திறன், நெட் கணக்கில் 235. ஒரே எஞ்சின்! பழைய அமெரிக்கச் செடானையும் ஜெர்மன் செடானையும் பக்கத்தில் வைக்கும்போது, எண்ணுக்குப் பக்கத்தில் எந்த முறை என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஓட்ட நேரத்திலும் இப்படித்தான். அமெரிக்கப் பத்திரிகைகள் 0-60 மைல் என்று அளக்கும். 60 மைல் என்பது 96.6 கிலோமீட்டர். ஆக அது 0-100ஐவிடச் சற்று முன்னதாகவே முடிந்துவிடும். 0.2 நொடிக்காக மல்லுக்கட்டும் இடத்தில் அந்த 3.4 கிலோமீட்டர் சின்ன விஷயம் இல்லை. காலி எடையிலும் ஓட்டுபவருக்கென்று 75 கிலோவைச் சேர்த்த பட்டியல்களும் உண்டு, சேர்க்காதவையும் உண்டு. அப்புறம், இந்த எண்கள் எல்லாம் அந்தக் கார்கள் புதிதாக இருந்தபோது சொன்னவை. முப்பது வருடம் ஓடிய எஞ்சின் அதே 315ஐ இன்னமும் கொடுக்கிறதா என்பது பராமரித்தவர் கையில் இருக்கிறது.

பட்டியலில் இடம் பெறாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை அது. 500இ-யின் சக்கர வளைவுகளை அகலமாக்கியதால், சிண்டல்ஃபிங்கனில் இருந்த மெர்சிடிஸ் தொழிற்சாலையின் வழக்கமான உற்பத்தி வரிசையில் அந்த உடல் நுழையவில்லை. வேலை போர்ஷேவுக்குப் போனது. உடல் பாகங்கள் சுஃபன்ஹவுசனில் உள்ள போர்ஷே ஆலைக்குப் போய், அங்கே சேர்க்கப்பட்டு, பெயின்ட் அடிக்கச் சிண்டல்ஃபிங்கனுக்குத் திரும்பி, எஞ்சினையும் மற்றவற்றையும் பொருத்த மறுபடி போர்ஷேவுக்குப் போய், கடைசியில் மெர்சிடிஸிடம் வந்து சேரும். ஒரு காருக்கு 18 நாள் ஆனது. மொத்தம் 10,479 கார்கள் இப்படி அலைந்து பிறந்தன. எம்5உம் தொடக்கத்தில் ம்யூனிக் அருகே கார்ஷிங்கில் பெரும்பாலும் கைவேலையாகவே உருவானது. 500இ-யில் பின்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். எம்5இல் மூன்று பேர். குடும்பமாகப் போகிறவர்களுக்கு 480ஐவிட இந்த எண் முக்கியம்.

கற்றுக்கொண்டதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்னப் பயிற்சி. பிற்பாடு எம்5இன் எஞ்சினை 3.8 லிட்டராகப் பெரிதாக்கினார்கள். ஸ்ட்ரோக் 86இலிருந்து 90 மில்லிமீட்டர் ஆனது. சக்தி 340 பிஎஸ், அதே 6,900 ஆர்பிஎம்மில். டார்க் 400, அதே 4,750இல். 0-100 நேரம் 5.9 நொடி. அதே சமயத்தில் 500இ-யின் சக்தி 320 பிஎஸ்ஸாகவும் டார்க் 470ஆகவும் சற்று இறங்கியிருந்தது. 400ஐ 4,750ஆல் பெருக்கி 9,549ஆல் வகுத்துப் பாருங்கள், 470ஐ 3,900ஆல் பெருக்கியும் அதேபோல வகுத்துப் பாருங்கள். முதலாவது 199 கிலோவாட், இரண்டாவது 192. டார்க்கில் இன்னமும் 70 நியூட்டன் மீட்டர் பின்தங்கியிருக்கும் கார், இந்த முறை முன்னால் நிற்கிறது.